எப்.சி.க்கு முந்தின நாள் கருப்பு பெயிண்டு: உப்பு லாரிகளின் சேசை காப்பாற்றுமா?

தூத்துக்குடி:

உப்பு லாரி, மீன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டீசல் விலைக்கு அடுத்த தலைவலி துருதான். என்ஜின் நன்றாக இருக்கும். டயர் புதுசாக இருக்கும். ஆனால் கீழே குனிந்து பார்த்தால் சேஸ் செதில் செதிலாக உதிரும். தூத்துக்குடி மட்டும் அல்ல, வேதாரண்யம், ராமேசுவரம், நாகை என்று கடற்கரை ஊர் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இதற்கு பெரும்பாலானவர்கள் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். எப்.சி.க்கு முந்தின நாள் ஒரு டப்பா கருப்பு பெயிண்டு வாங்கி துருவின் மேலேயே அடித்து விடுவது. 8 வயது வரை லாரிக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை எப்.சி. அதற்கு மேல் வருடா வருடம். பழைய வண்டிக்கு வருடா வருடம் பெயிண்டும் ஏறுகிறது, உள்ளே வருடா வருடம் துருவும் ஏறுகிறது. வெளியில் பளபளப்பு, உள்ளே ஓட்டை.

உப்பு என்ன செய்கிறது?

இரும்பு துருப்பிடிக்க தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். மழை பெய்யாவிட்டாலும் உப்பு விடாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தை தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கொண்டு கசிய ஆரம்பிக்கும். சுத்தம் செய்யாத உப்பில் மக்னீசிய உப்பும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். கடற்கரை ஊரில் ராத்திரி நேர ஈரக்காற்று சொல்லவே வேண்டாம். அதாவது, வண்டி செட்டில் சும்மா நிற்கும்போதும் சேஸ் நனைந்து கொண்டுதான் இருக்கிறது. மீன் ஏற்றும் குட்டியானையில் ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீரும் இதே வேலையை செய்கிறது.

துரு என்பது இரும்பை விட இரண்டு மூன்று மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் மேலே அடித்த பெயிண்டை அதுவே தள்ளி உரித்து விடும். துரு மேல் அடித்த பெயிண்டு நிற்காததற்கு காரணம் இதுதான். கடைக்காரரை திட்டி பயன் இல்லை.

எதை அடிப்பது?

முதல் வேலை பெயிண்டு அல்ல, தண்ணீர். நல்ல தண்ணீரை வேகமாக அடித்து உப்பை கழுவ வேண்டும். தூத்துக்குடி பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு கரிக்கும். அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான். கழுவி நன்றாக காய்ந்த பிறகு சுத்தியலால் தட்டி பார்க்க வேண்டும். கணீர் என்றால் இரும்பு இருக்கிறது. பொத்து பொத்து என்றால், அல்லது தகடு பெயர்ந்து வந்தால், அந்த இடத்துக்கு பெயிண்டு தேவை இல்லை, வெல்டர்தான் தேவை. அதையும் கண்ட இடத்தில் வைத்து ஒட்டக்கூடாது. சேசின் மேல், கீழ் மடிப்பில் ஓட்டை போடுவதையும் வெல்டிங் வைப்பதையும் வண்டி கம்பெனிகள் பொதுவாகவே வேண்டாம் என்கின்றன.

இரும்பு கெட்டியாக இருந்து மேலாக மட்டும் துரு இருந்தால், வயர் பிரஷ் அல்லது கிரைண்டரில் செதிலை எடுத்து விட்டு ரஸ்ட் கன்வர்ட்டர் அடிக்கலாம். இது மிச்சம் இருக்கும் மெல்லிய துருவை கருப்பான, கெட்டியான படலமாக மாற்றும். மேல் படலத்தை மட்டும்தான் மாற்றும். செதில் மேல் ஊற்றினால் காசுதான் போகும்.

அதன் மேல் என்ன? விலை குறைவு என்று எல்லோரும் எடுப்பது ரெட் ஆக்சைடு. அது சும்மா மூடும் போர்வைதான், துருவை தடுக்கும் மருந்து அல்ல. உள்ளூர் ஓட்டத்துக்கு, வருடம் ஒருமுறை திருப்பி அடிக்க தயார் என்றால் சரி. உப்பு, மீன் ஏற்றும் வண்டிக்கு இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர்தான் தாங்கும். விலை கூடத்தான். கலக்கும் அளவும் டப்பாவில் சொன்னபடி சரியாக இருக்க வேண்டும், குத்துமதிப்பாக ஊற்றினால் காயாது. எபாக்சி வெயிலில் வெளுத்து மாவு போல் ஆகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் வண்டிக்கு அடியில் வெயில் எங்கே வருகிறது?

துத்தநாகம் கலந்த சிங்க் பிரைமர் நல்ல சரக்கு. ஆனால் அது வெற்று இரும்பை தொட்டால்தான் வேலை செய்யும். துரு மேல் அடித்தால் வீண்.

ரப்பர் கோட்டிங் ஏமாற்று

அடுத்தது, தடியாக அடிக்கும் தார், ரப்பர் கோட்டிங். புது வண்டியில், சுத்தமான பிரைமர் மேல் அடித்தால் கல் தெறிப்பை தாங்கும். துருப்பிடித்த சேசில் அடித்தால் அதுதான் பெரிய வில்லன். ஒரு விரிசல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது. மேலே பார்த்தால் புதுசு போல இருக்கும். தட்டிப் பார்க்கக் கூட முடியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் புதிதாக தார் அடித்த சேசை கண்டால் கொஞ்சம் உஷாராக இருப்பது நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கை மாறித்தானே இருக்கும்?

பழைய என்ஜின் ஆயில் தடவுகிறவர்களும் உண்டு. சில நாள் தண்ணீரை தள்ளும், மறுக்க முடியாது. ஆனால் புஷ், ஓஸ் போன்ற ரப்பரை ஊற வைத்து கெடுக்கும், ரோட்டில் சொட்டும், கையில் பட்டால் உடம்புக்கும் கேடு. பிறகு எந்த பெயிண்டும் ஒட்டாது. பிரஷ் நுழையாத பெட்டி மாதிரியான பகுதிகளுக்கு, உள்ளே பீய்ச்சும் மெழுகு கலந்த ஆயில் தனியாக கிடைக்கிறது. அதுதான் சரி.

எப்.சி. பார்க்கும் இடத்திலும் சேசின் கருப்பை பார்த்தால் போதாது. சுத்தியல் எடுத்து பட்டை பிராக்கெட், கிராஸ் மெம்பர் பக்கம் நாலு தட்டு தட்ட வேண்டும். லோடோடு அது விட்டுப்போனால் மாட்டுவது டிரைவரும் எதிரே வருகிறவரும்தான், முதலாளி அல்ல.

ஒன்று மட்டும். பெயிண்டு அடிக்கும்போது பிரேக் பைப்பையும் சேர்த்து அடித்து மறைத்து விடாதீர்கள். துருப்பிடித்த பைப்பை மாற்றத்தான் வேண்டும். கிரைண்டர் பிடிக்கும் முன் டீசல் டேங்க் பக்கம் பாருங்கள், வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரை கழற்றுங்கள். இந்த வேலை எல்லாம் ஐப்பசி மழைக்கு முன்பே, வெயில் இருக்கும்போது முடித்து விட வேண்டும். ஈரத்தில் அடித்த எபாக்சி, தோல் உரிவது போல் உரிந்து வரும்.