விதி வரைந்த கோடா?

எரிமலை வெடித்தால் இறைவன் சீற்றம். கடல் பொங்கினால் கலியின் கோலம். மண் சரிந்து மக்கள் மாண்டால் தலையெழுத்து! இப்படிப் பேசுவோர் நம் நாட்டில் மட்டுமே உண்டு என்று எண்ணிவிட வேண்டா. அறிவியல் வளர்ந்த அமெரிக்காவிலும், விதியின் மீதோ செத்தவர் மீதோ பழிபோட்டுத் தப்பிக்கும் வித்தையை ஆளவந்தார் அறிந்தே இருக்கின்றனர்.

அந்நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது வாஷிங்டன் மாநிலம். தலைநகர் வாஷிங்டன் வேறு; இது வேறு. இம்மாநில அரசில் படைத்துறை என்றே ஒரு துறை உண்டு. மாநிலக் காவற்படையும் இடர்க்காப்புப் பணியும் அங்கே ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. இரண்டுக்கும் தலைவர் ஒரு படைத்தளபதி. துப்பாக்கி ஏந்தும் கைக்குத் துயர் துடைக்கும் வேலையா என்று நாம் எள்ளப் போவதில்லை. நாம் கேட்பது வேறு: வந்தபின் ஓடிவர ஆள் உண்டு, வருமுன் காக்க ஏற்பாடு எங்கே?

1980 மே 18. அம்மாநிலத்துச் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தது. 57 பேர் மாண்டனர். திடீரென வந்த சாவா அது? மார்ச்சு முதலே மலை குமுறிக்கொண்டிருந்தது. நிலநூல் அறிஞர் எச்சரித்தனர். அரசும் வரைபடத்தில் கோடு கிழித்து, "உள்ளே நுழையாதே" என்றது. மேற்கே அந்தக் கோடு எப்படி ஓடிற்று? நெருப்பின் வழியறிந்தா? இல்லை, மரவணிக நிறுவனமொன்றின் நில எல்லையை ஒட்டி ஓடிற்று! கோட்டை விரிக்கும் ஆணை, ஆளுநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தபோதே மலை வெடித்தது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் தடையை மீறியவர் அல்லர். ஆயினும் எச்சரிக்கையை மதியாமல் செத்தார்கள் என்று பழி சுமத்தப்பட்டது. படையினர் ஹெலிகாப்டரில் பறந்து பலரை மீட்டனர். அந்த வீரத்தைப் போற்றுகிறோம். ஆனால், வீரம் கோணற்கோட்டை நேராக்குமா?

அடுத்த ஆபத்தையும் அறிவு கண்டு சொல்லிவிட்டது. அம்மாநிலக் கடற்கரையில், கோப்பாலிஸ் ஆற்றோரம் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன. அவற்றின் வளையங்களை அறிஞர் ஆராய்ந்தனர். நிலம் நடுங்காமலே பேரலை வந்ததாக ஜப்பானியர் எழுதிவைத்த ஏடுகளையும் புரட்டினர். இரண்டும் பொருந்தின! 1700 சனவரி 26 இரவு, காஸ்கேடியா கடலடிப் பிளவில் ஏறத்தாழ 9 அளவுள்ள நிலநடுக்கம். சோதிடர் சொல்லவில்லை, மரமும் ஏடும் சொல்லின. அது மீண்டும் வரும். வந்தால் அரைமணி நேரத்துக்குள் அலை கரையேறிவிடும். 2004 டிசம்பர் 26 அன்று நம் நாகைக் கரையைச் சூறையாடிய பேரலையும் இத்தகைய பிளவில் பிறந்ததே.

துறை என்ன செய்கிறது? எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது, ஒத்திகை நடத்துகிறது, இரண்டு வாரத்துக்கு உணவும் நீரும் சேர்த்து வையுங்கள் என்கிறது. நல்ல அறிவுரைதான். அன்றாடக் கூலியில் அடுப்பெரிப்பவன் எதைச் சேர்ப்பான்? குன்றில்லாக் கரையில் குழந்தைகள் எங்கே ஏறுவர்?

வெஸ்ட்போர்ட் என்னும் சிற்றூர் விடை சொன்னது. 2013இல் அவ்வூர்ப் பகுதி மக்கள் வரிச்சுமையைத் தாமே ஏற்க வாக்களித்தனர். 2016இல் ஒகோஸ்டா தொடக்கப் பள்ளி எழுந்தது. பேரலை வந்தால் ஆயிரம் பேர் அதன் உடற்பயிற்சிக் கூடத்துக் கூரையில் ஏறி உயிர் காக்கலாம். வட அமெரிக்காவில் அத்தகைய முதற்கட்டடம் அதுவே. கட்டியது கடவுளன்று, மக்கள் கைப்பொருள்!

பாராட்டுகிறோம், ஆனால் நெஞ்சு குமுறுகிறது. வரிசுமக்க வலுவுள்ள ஊரின் பிள்ளை வாழ்வான், வலுவற்ற ஊரின் பிள்ளை மூழ்குவான் என்றால், அதற்கு விதி என்றா பெயர்? வரவு செலவுத் திட்டம் என்று பெயர்! கரையோரப் பள்ளிதோறும் உயர்ந்த கூரை அமைப்பது அரசின் கடன். எச்சரித்துவிட்டோம் என்று கைகழுவுவது, கோயில் மணியை அடித்துவிட்டுக் கதவைச் சாத்துவது போன்றது.

இளைஞர்களே! இனி எவரேனும் "விதி" என்றால், தலையெழுத்தைத் தேடாதீர்கள். கோட்டை வரைந்த கை எது, கையெழுத்திடத் தயங்கிய கை எது என்று கேளுங்கள்!