வெடிப்பு விழுந்த அடுப்பு



இம்மாதம் உங்கள் குசினிக்குள் வந்து அடுப்பைப் பற்றிப் பேசப் போகிறேன். மௌலவிக்கு அடுப்படியில் என்ன வேலை என்று சிரிக்காதீர்கள். நானும் நீண்ட காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

2022 ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் விறகு அடுப்பு மீண்டும் எரியத் தொடங்கியது. எங்கள் வீட்டிலும் அனகி அடுப்பொன்றை வாங்கி, சுற்றிவர மண் பூசி வைத்தோம். அனகி என்பது 1980களில் நம் நாட்டில் உருவாக்கப்பட்ட சுட்ட களிமண் அடுப்பு. ஒரே தீயில் இரண்டு சட்டி வைக்கலாம். மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விறகு மிச்சமாகும். எரிவாயு கிடைக்கத் தொடங்கிய பின்னரும், அதன் விலையை எண்ணிச் சோறாக்க அதையே பாவித்து வந்தோம்.

பின்னர் ஒருநாள் அதன் வாய்ப்பக்கத்தில் வெடிப்பு விழுந்தது. பிள்ளைகளின் உம்மா இரண்டு முறை சொன்னா. “பார்ப்போம்” என்றேன். அவ எஞ்சிக் கிடந்த சீமெந்தைக் குழைத்து அடைத்தா. சில நாட்களில் அது பொரிந்து உதிர்ந்துவிட்டது. ரமழானில் ஒரு சஹர் நேரம், சின்ன மகள் என்னிடம் வந்து, “வாப்பா, உம்மா ஏன் அழுறா?” என்று கேட்டாள். “அழல்ல மகள், புகை” என்றேன். சொன்ன பிறகு அந்தப் பதில் எனக்கே கூசியது. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்ததைப் பயானில் சொல்லும் நான், ஒரு கூடை மண் குழைக்க மாதக்கணக்கில் நேரமில்லாமல் இருந்திருக்கிறேன்!

சகோதரிகளே, புகையை அற்பமாக எண்ணாதீர்கள். விறகுப் புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்கின்றன. நாட்பட்ட இருமல், மூச்சிழுப்பு, இருதய நோய், கண்புரை, சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா ஆகியவற்றுக்கு அது காரணமாகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் மரணித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. வெடித்த அடுப்பு இதை இன்னும் மோசமாக்குகிறது. வெடிப்பினூடே சூடு வெளியேறும், பின்சட்டி கொதிக்காது, மேலும் விறகு தள்ளுவோம், புகையும் கூடும்.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் அடுப்பை ஒரு நாள் முழுதும் ஆறவிட்டுச் சாம்பலை அள்ளுங்கள். வெடிப்பு மயிரிழையாக இருந்தால், களிமண்ணும் சலித்த சாம்பலும் குழைத்துத் தேய்த்தாலே போதும். வெடிப்பினூடே புகை வந்தாலோ, சட்டி இருக்கும் விளிம்பு உடைந்திருந்தாலோ, உள்ளேயுள்ள சுட்ட மண் பாகத்தை மாற்றியே ஆகவேண்டும். சீமெந்து வேண்டாம். தொடர்ந்து தீப்பட்டால் அது வலுவிழந்து உதிர்ந்துவிடும்.

வெளிமண்ணை மெதுவாகத் தட்டி எடுத்து, பழைய அடுப்பை அகற்றுங்கள். உடைந்த துண்டுகளை எறிய வேண்டாம். இடித்துச் சலித்துப் புதிய மண்ணோடு சேர்த்தால், காயும்போது மண் சுருங்கி வெடிப்பது குறையும். புற்றுமண் அல்லது களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து, தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் நன்றாக மிதித்துக் குழைக்க வேண்டும். சாணம் சேர்ப்போரும் உண்டு. சாணம் நஜீஸ் என்பதால் நமக்கு உமியே போதும். ஓர் உருண்டை பிடித்துக் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் மணல் கூட்டுங்கள். உதிர்ந்தால் களிமண் கூட்டுங்கள்.

புதிய அடுப்பை வைக்கும்போது தளம் மட்டமாக இருக்கட்டும். நீங்கள் தினமும் பாவிக்கும் சட்டிகளையே வைத்து, ஆடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அடுப்பின் வெளிப்புறத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்து, இரண்டு அங்குல கனத்துக்கு மண்ணை அழுத்திப் பூசுங்கள். காய்ந்த சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சுவதால், நனைக்காமல் பூசினால் மண் ஒட்டாது.

இனித்தான் பொறுமை தேவை. ஒரு வாரமாவது நிழலில் காயட்டும். அதன்பின் இரண்டு மூன்று நாட்கள் காய்ந்த ஓலையும் சிரட்டையும் போட்டுச் சிறு தீ மட்டும் மூட்டுங்கள். ஈரம் காயுமுன் பெருந்தீ மூட்டினால், உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி மண்ணைப் பிளந்துவிடும். பெரும்பாலும் அவசரமே புதிய அடுப்பைக் கெடுக்கிறது.

புகைபோக்கியுடன் கல்லால் கட்டிய பெரிய அடுப்பு வைத்திருப்போர், தீப்படும் உட்பக்கத்துக்குச் சாதாரண செங்கல் வைக்க வேண்டாம். பாண் போறணைகளுக்குள் பதிக்கும் ‘ஃபயர் பிறிக்’ எனப்படும் நெருப்புச் செங்கல்லே அதற்குரியது. அதையும் சீமெந்தால் அல்ல, தீ தாங்கும் களிமண் சாந்தை மெல்லியதாகப் பூசியே பதிக்க வேண்டும். ஒரு கல் மட்டும் உடைந்திருந்தால் அதை மாத்திரம் மாற்றலாம். முழு அடுப்பையும் இடிக்கத் தேவையில்லை.

அடுப்பு எவ்வளவு நல்லதாயினும் விறகு காய்ந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள்.

எங்கள் வீட்டில் மண்ணை மிதித்தது நானும் மூத்த மகனும்தான். ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. இப்போது பின்சட்டியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கிறது. சின்ன மகளும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

சகோதரிகளே, உங்கள் அடுப்பிலும் வெடிப்பு இருந்தால் இந்தப் பக்கத்தை மடித்து, வீட்டு ஆண்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிடுங்கள். “பார்ப்போம்” என்று அவர்கள் சொன்னால், அந்த மௌலவியும் அப்படித்தான் சொன்னாராம் என்று சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.