நேற்று ஓடியவள் இன்று உட்கார்ந்தால் நம்புங்கள்

“நேத்து நல்லாத்தானே இருந்தே?” பள்ளியில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். எட்டாம் வகுப்பில் எனக்கு லூபஸ் என்று தெரிந்தது. கிருமிகளோடு போராட வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த மூட்டுகளையும் தோலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிற நோய் அது. இப்போது கல்லூரியில் பி.காம். படிக்கிறேன். என்னைப் போன்ற நோயோடு இன்றும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த நோய் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. காலையில் விரல்கள் விறைத்திருக்கும். முதல் பீரியடில் பேனா பிடிக்க முடியாத நான், மதியத்துக்கு மேல் சரளமாக எழுதுவேன். பார்ப்பவர்களுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. இறைவணக்கத்துக்கு வெயிலில் நின்றால் கன்னம் சிவந்து தடித்துவிடும், மறுநாள் மூட்டுவலி கூடும். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியபோது, “நல்லா சாப்பிட்டுக் குண்டாயிட்டா, இவளுக்கு என்ன நோய்?” என்றார்கள். இப்படிப்பட்ட பேச்சுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திய பெண்களை ருமட்டாலஜி ஓ.பி. வரிசையில் பார்த்திருக்கிறேன். நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

உதவி கேட்டால் வந்த பதில், “மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கா?” மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஹீமோபீலியாவும் தலசீமியாவும் அதில் உண்டு. லூபஸின் பெயர் இல்லை. மூட்டு நிரந்தரமாகக் கோணிப்போனால் 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் கிடைக்கலாம். அது கோணாமல் காப்பாற்றத்தானே இத்தனை மருந்தும்? உடல் கெட்ட பிறகுதான் உதவி என்பது என்ன நியாயம்?

வேறு வழி இருக்கிறது. முதல் வகை நீரிழிவும் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தாக்குவதால் வருவதுதான். அந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குச் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி கொண்டுவர சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்தது. வகுப்பிலேயே ரத்தச் சர்க்கரையைப் பார்க்கவும் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் விடும்படி தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. எழுதச் சிரமப்படுபவருக்கு 40 சதவீதம் இல்லாவிட்டாலும் சொல்வதை எழுதுபவர் உதவியை மறுக்கக் கூடாது என்று விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி மத்திய அரசு 2022இல் நெறிமுறைகளும் வெளியிட்டது. கையால் எழுத முடிகிறதா என்பதுதான் அங்கே கேள்வி. நோயின் பெயர் அல்ல.

இதையே தமிழகப் பள்ளிக்கல்வித் துறை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். லூபஸ், சிறார் மூட்டுவாதம், குரோன்ஸ் நோய் என எந்த எதிர்ப்பு மண்டலக் கோளாறாக இருந்தாலும், சிகிச்சை தரும் மருத்துவர் ஆண்டுக்கு ஒருமுறை எழுதித்தரும் ஒரு பக்கக் கடிதம் போதும் என்று ஆக்க வேண்டும். வெயிலில் நிற்பதிலிருந்து விலக்கு, தரைத்தளத்தில் வகுப்பு, நினைத்தபோது கழிப்பறைக்குப் போக அனுமதி, தேர்வில் கூடுதல் நேரம், ஓ.பி. நாளை ஆப்சென்ட்டாகக் கணக்கிடாதிருத்தல்: யாருக்கு எது தேவையோ அது அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஆசிரியர் மாறினாலும் கடிதம் பிள்ளையோடு போகட்டும். ஒவ்வொரு ஜூனிலும் புதிய வகுப்பாசிரியரிடம் என் நோயை நான் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று அவசரமானது. அம்மை போட்டிருந்தால் நம் வீடுகளில் வேப்பிலை கட்டுவார்கள், பள்ளிக்குக் காரணம் சொல்ல மாட்டார்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல்வரை போகக்கூடும். தொற்றுக்கு ஆளானது சில நாட்களுக்குள் தெரிந்தால் மருத்துவர் தடுப்பு மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம். வகுப்பில் யாருக்காவது அம்மை என்றால், பெயர் சொல்லாமல், அன்றே இப்படி மருந்து எடுக்கும் பிள்ளையின் பெற்றோருக்குத் தொலைபேசியில் சொல்வது தலைமையாசிரியரின் கடமையாக வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். பள்ளிக்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் அது வந்தாக வேண்டும்.