துணைக்கு இருந்தவளின் ஒரு நாள் சம்பளம்

தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பாடை கட்டுவதும், ஊருக்குச் செய்தி சொல்லி அனுப்புவதும் ஆண்கள் வேலை. அது ஒரு பகலில் முடிந்துவிடும். புருஷனைப் பறிகொடுத்தவளைத் தோளோடு அணைத்துப் பிடித்து, மயக்கம் வந்தால் தண்ணீர் தெளித்து, அவள் பிள்ளைகளுக்காகத் தங்கள் வீட்டு உலையில் இரண்டு பிடி அரிசி கூடப் போட்டு, கருமாதி முடியும் வரைக்கும் இரவில் அவளைத் தனியே படுக்கவிடாமல் காப்பவர்கள் லயத்துப் பெண்களே. இதை எந்தக் கங்காணியும் ஏவவில்லை. எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.

"பொம்பளைகள் கூடினால் வம்பு" என்று நமது ஆண் தோழர்கள் சிலர் இளக்காரமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறோம். கடைத் தெருவில் புட்டியும் பேச்சுமாக மூன்று மணி நேரம் உட்காருவதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, நாமறியோம்!

ஒப்பாரி வைக்கும் இடத்தைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு உண்மை விளங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொள்கிறார்கள். செத்தவரைப் பற்றித் தொடங்கும் அழுகை, கொஞ்ச நேரத்தில் அவரவர் துக்கத்திற்குத் திரும்பிவிடும். ஒருத்தி கலைந்துபோன கருவை நினைத்து அழுவாள். ஒருத்தி குடித்துவிட்டு அடிக்கும் புருஷனைச் சொல்லி அழுவாள். "இதை ஏன் இங்கே கொண்டு வந்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை. வருஷம் முழுவதும் வாய் திறக்காதவளுக்கு, மனத்திலிருப்பதைக் கொட்ட அது ஒன்றுதான் இடம்.

நமது பாட்டிமார் காலத்தில் இந்தத் துணை இல்லாதிருந்தால் பல குடும்பங்கள் அழிந்தே போயிருக்கும். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோ மீட்டர் இரயில் பாதை போட்டனர். 1942-இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அவர்கள் மாண்டார்கள். போனவனிடமிருந்து கடிதம் இல்லை. செத்தவனைப் பற்றித் தந்தியும் இல்லை. தோட்டத்தில் நின்ற மனைவிக்குத் தான் சுமங்கலியா விதவையா என்பதே தெரியாது. பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? இந்தக் கேள்வியோடு எத்தனையோ பெண்கள் ஆண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். சோற்றுக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. அதையும் பக்கத்து வீட்டோடு பங்கு போட்டார்கள். 1945-இல் யுத்தம் முடிந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பியபோது, "எங்க வீட்டுக்காரரைக் கண்டீங்களா?" என்று வந்தவனிடம் விசாரிக்க ஓடியவள் கூடவே ஓடியவள் அடுத்த வீட்டுக்காரிதான். பதில் "இல்லை" என்றால் அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமல்லவா?

இன்று நிலைமை வேறு. பால்மரங்கள் வெட்டுண்டு செம்பனை வந்தது. பல தோட்டங்கள் விற்கப்பட்டு வீட்டு மனைகளாயின. லயத்தில் வாழ்ந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் ஆளுக்கொரு மாடியாகச் சிதறினார்கள். அங்கே கதவைச் சாத்தினால் அழுகுரல் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. கேட்டாலும், அடுத்த வீட்டார் யாரென்று தெரிவதில்லை. மிஞ்சியிருக்கும் தோட்டங்களிலோ வேறொரு தடை: கூலி.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் துக்க விடுப்பு என்று ஒன்று கிடையாது. கூட்டு ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. எழுதினாலும், வழக்கமாகத் தாய் தகப்பன், புருஷன், பிள்ளை என்ற அளவோடு நிற்கும். உற்றவளுக்குத் துணையாகப் பிரட்டுக்குப் போகாமல் நின்றவளுக்கு அன்றைய சம்பளம் இல்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளிக்குச் சற்று மேல். தோழியின் துக்கத்தில் மூன்று நாள் பங்கு கொண்டவள் ஏறக்குறைய 200 வெள்ளி இழக்கிறாள். அவள் வீட்டு அரிசி, பால் மாவுக் காசு அது.

சட்டம் மாறாது என்று சொல்பவர்களுக்கு: பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக 2023 ஜனவரியில் உயர்ந்தது. உடம்பின் வேதனைக்கு நாள் கணக்குக் கிடைத்தது போல மனத்தின் வேதனைக்கும் கிடைக்க வேண்டும். துக்க வீட்டாருக்குச் சம்பளத்தோடு மூன்று நாள். அவள் விரும்பும் ஒரு துணைக்குக் குறைந்தது ஒரு நாள். இது நமது கோரிக்கை. ஒரு நாள் வெட்டு நின்றால் எந்தக் கம்பெனியும் திவாலாகிவிடாது. மழை பெய்தால் நிற்கத்தானே செய்கிறது!

இன்னொன்று. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அதற்கு முன் போலீஸ் வருமே என்ற பயத்தில் விஷயத்தை மூடி மறைத்தவர்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டியதில்லை. "எனக்கு வாழவே பிடிக்கவில்லை" என்று ஒரு சகோதரி சொன்னால், அதைக் கேட்டவர் அவளைத் தனியே விடாமல் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லட்டும். "போய்ப் பார்" என்று மட்டும் சொன்னால் அவள் போகமாட்டாள். அன்று இருவர் வீட்டிலும் ஆண்கள் உலை வைப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோலில் ஒரு பெண்ணுக்கு "வரவில்லை" என்று குறிக்கும்போது, ஏன் வரவில்லை என்று கேட்டுத் தனியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். யார் வீட்டுத் துக்கம், எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் போயிற்று என்பது போதும். ஓராண்டுக் கணக்கு கையிலிருந்தால், ஒப்பந்தப் பேச்சில் நமது பிரதிநிதிகள் வெறுங்கையோடு உட்கார வேண்டியிருக்காது. கிளைச் செயலாளர்கள் அத்தாள்களைத் திரட்டித் தலைமையகத்திற்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.