பேனல் மட்டும் போதுமா தோழர்களே?

கணியம்பாடி மத்தியான வெயில் எப்படின்னு உங்களுக்குச் சொல்லணுமா? அந்த நேரத்துல சோலார் மின்சாரம் கொட்டுது. ஆனா நாம லைட்டு, ஃபேன், டிவி எல்லாம் போடுறது பொழுது சாய்ஞ்ச பிறகு. அப்போ சோலார் கிடையாது. காற்றாலையும் மே முதல் செப்டம்பர் வரைதான் நல்லா சுத்தும்.

மிஞ்சும்போது காற்றாலையை நிறுத்தச் சொல்றதும், பத்தாதபோது வெளியே அதிக விலைக்கு வாங்குறதும் திட்டமிடல் ஆகாது.

வழி நம்ம மாநிலத்துலயே இருக்கு. கோவை மாவட்டம் காடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1987-ல் ஓட ஆரம்பிச்சது. திறன் 400 மெகாவாட். மின்சாரம் மிஞ்சினா தண்ணியை மேல் அணைக்கு ஏத்தும், தேவைப்பட்டா கீழே இறக்கி மின்சாரம் எடுக்கும். அடுத்து நீலகிரி குந்தாவுல 500 மெகாவாட் திட்டம். வேலை வருஷக்கணக்கா இழுத்துச்சு. இந்தத் தாமதம்தான் நமக்கு நஷ்டம்.

இன்னொரு வழி நம்ம கழனியிலேயே இருக்கு. மோட்டாருக்கு மும்முனை மின்சாரத்தைப் பகல்லயே முழுசா கொடுத்தா, மத்தியான சோலார் வீணாகாது. பாம்புக்குப் பயந்து, டார்ச் அடிச்சுக்கிட்டு ராத்திரியில தண்ணி பாய்ச்சப் போற எங்க அப்பாவும் நிம்மதியா தூங்குவார்.

இனி யாராவது "இத்தனை மெகாவாட் சோலார்"னு பெருமை பேசினா, "சேமிக்க எத்தனை மெகாவாட்?"னு கேளுங்க. கமெண்ட்ல உங்க ஊர் நிலவரத்தைச் சொல்லுங்க, பகிருங்க!