சிறு சில்லு பேசட்டும்!

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள் நம் பெரியோர். இக்காலத்தில் அதற்குச் சான்று வேண்டுமெனில், மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சிறு சில்லைக் காட்டலாம். 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்கென்று உருவான ஆர்டுயினோ பலகை உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும், அதிலுள்ள சில்லு விளக்கை ஏற்றும், வெப்பத்தை அளக்கும், மோட்டாரைச் சுழற்றும்.

ஆனால் தோழியரே, விளக்கு மின்னியதும் நம் ஆர்வம் அணைந்துவிடலாமா? அறிவியல் கண்காட்சி முடிந்ததும் பலகையை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டிவிடுவது முறையா? மேலும் ஒரு படி ஏற வேண்டும். அச்சில்லை வலையிலுள்ள ஒரு சர்வருடன் எழுத்தாலேயே உரையாடச் செய்யும் பயிற்சி மாணவியர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நமது கருத்து.

சர்வர் என்பது கேட்பவர்க்குப் பதில் தரும் கணிப்பொறி. அதனை நாடிச் செல்வது கிளையண்ட். இவ்விரண்டும் பேசுவதற்குப் படமும் வேண்டாம், வண்ணமும் வேண்டாம். வெறும் எழுத்து வரிகளே போதும். 1988இல் பின்லாந்து நாட்டு மாணவர் யார்க்கோ ஓய்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிளையண்ட் முதலில் தன் பெயரைச் சொல்லும். சர்வர் அவ்வப்போது 'பிங்' என்று அழைக்கும். உடனே 'பாங்' என்று விடை தர வேண்டும். தராவிட்டால், ஆள் இல்லை என்று கருதித் தொடர்பை அறுத்துவிடும். வகுப்பில் ஆசிரியை பெயர் அழைக்க, "உள்ளேன் அம்மா" என்று நாம் எழுந்து சொல்வதைப் போன்றதுதான் இது!

இந்த உரையாடலில் ஒரு வரி 512 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆர்டுயினோ ஊனோ பலகையின் முந்தைய வகையில் செயல் நினைவகமோ 2,048 பைட்டு மட்டுமே. நான்கு வரிகளைச் சேர்த்து வைத்தால் இடம் முழுவதும் தீர்ந்தது! ஆகவே, வந்த வரியைப் படித்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிடும் சிக்கனத்தை இச்சில்லு நமக்குக் கற்பிக்கின்றது. மேலும், சர்வர் அனுப்பும் வரி ஒரே தடவையில் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. பாதி இப்போது வரும், மீதி பின்னர் வரும். வரி முடிந்த அடையாளம் வரும்வரை காத்திருந்து, பிறகே பொருள் கொள்ள வேண்டும். முழுவதும் கேட்ட பின் பேசு என்னும் நற்பண்பு இதிலும் உண்டு அல்லவா?

தமிழில் அனுப்பினால் இன்னும் சுவை. இன்று வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு வேண்டும். 'கடத்தூர்' என்னும் நம் ஊர்ப் பெயரில் எட்டுக் குறிகள். ஆக 24 பைட்டு. இடையில் ஒரு பைட்டு தவறினாலும் எழுத்து சிதைந்துவிடும். நம் மொழி கணிப்பொறிக்குள் எப்படி வாழ்கின்றது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடம் காட்டும்?

நம் நாட்டிலும் இணையம் எழுத்து வடிவிலேயே பலரிடம் அறிமுகமாயிற்று. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் இடம்பெற்றது. 1995 ஆகஸ்டு 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் பெற்றது எழுத்து மட்டுமே தோன்றும் 'ஷெல்' கணக்கு. அக்கருந்திரையில் கட்டளைகளைத் தட்டிப் பழகியவர்களுக்கு வலையின் உள்ளமைப்பு தானே விளங்கியது. இன்று எல்லாம் தொடுதிரைக்குள் மறைந்துவிட்டதால், அந்த நல்வாய்ப்பும் மறைந்துவிட்டது. அதனை மீட்டுத் தருவது இச்சிறு சில்லே.

"கைப்பேசியே எல்லாம் செய்யும்போது இந்தப் பாடு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கடையில் சோறு கிடைக்கின்றது என்பதற்காகச் சமையல் தெரியாமல் இருப்பது பெருமையா? "பெண் பிள்ளைகளுக்கு இணையம் ஆபத்து" என்று பெற்றோர் அஞ்சலாம். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடக் கூடாது. ஆனால் இப்பயிற்சிக்கு வெளியுலக இணையமே தேவையில்லை. ஆய்வகத்தில் ஒதுக்கப்பட்ட பழைய கணிப்பொறி ஒன்றையே சர்வர் ஆக்கலாம். 2014இல் சீனாவிலிருந்து வெளிவந்த இ.எஸ்.பி.8266 சில்லில் வைஃபை உள்ளேயே அமைந்திருப்பதால், சில நூறு ரூபாயில் காரியம் முடிந்துவிடும். மறையாக்கம் செய்யாத எழுத்தை வழியில் பிறரும் படிக்கக்கூடும். ஆகவே அதில் கடவுச்சொல்லை அனுப்பலாகாது. இப்பாடத்தை நம் நான்கு சுவருக்குள்ளேயே கற்றுக்கொண்டவள் வெளியுலகில் ஏமாறமாட்டாள். அறியாமை ஒருபோதும் பாதுகாப்பு ஆகாது!

"பெண்களுக்கு இது வருமா?" என்று ஐயுறுவோர் அண்மைக்கால வரலாற்றைப் பார்க்கட்டும். நாடெங்கும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் கைவண்ணத்தில், சென்னையிலுள்ள ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டுதலில், ஆசாதிசாட் செயற்கைக்கோள் உருவாயிற்று. ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள 75 கருவிகள் அதில் இருந்தன. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவியரும் அதில் பங்கு கொண்டனர். 2022 ஆகஸ்டு 7 அன்று ஏவிய முயற்சி வெற்றி பெறவில்லை. மனம் தளர்ந்தனரா? இல்லை! 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 சுற்றுப்பாதையை அடைந்தது. வானுக்குக் கருவி அனுப்பத் துணிந்த பெண்களுக்கு, அடுத்த அறையிலுள்ள சர்வருக்கு ஒரு வரி அனுப்புவது அரிதோ?

இதனால் ஊருக்கு என்ன பயன்? நம் தருமபுரி மாவட்டம் மழையை எண்ணிப் பார்த்துச் செலவிடும் பூமி. 2004ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தை இம்மாவட்டத்தில் தொடங்கிச் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பரப்பியது. வெற்றிலைக் கொடிக்காலிலோ தென்னந்தோப்பிலோ மண்ணின் ஈரத்தை அளக்கும் சில்லு, "ஈரம் குறைந்தது" என்று ஒரு வரி அனுப்பினால் போதும். படம் அனுப்ப வலுவான இணைப்பு வேண்டும். இருபது முப்பது எழுத்துகளோ நலிந்த இணைப்பிலும் போய்ச் சேர்ந்துவிடும். கடனுக்கு வாங்கும் விலையுயர்ந்த கருவியைவிட, தன் மகள் செய்து கொடுத்த கருவியை எந்த விவசாயியும் பெருமையோடு பயன்படுத்துவார். பழுதானாலும் சரிசெய்ய ஆள் வீட்டிலேயே இருக்கின்றாள்!

எனவே பள்ளிகள் பலகைகளைப் பீரோவில் பூட்டி வைக்காமல் மாணவியர் கையில் கொடுக்கட்டும். இரண்டு பலகைகள் எரிந்து போனாலும் நட்டமில்லை. இருபது பேரின் அச்சம் எரிந்து போகும். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும். பிறர் செய்த கருவியின் பொத்தானை அழுத்துவதோடு நம் அறிவு நின்றுவிடலாகாது. கருவிக்குப் பேசக் கற்றுக் கொடுக்கும் கைகளாக நம் கைகள் உயர வேண்டும். தோழியரே, இன்றே தொடங்குவோம். நம் சில்லு சர்வருக்கு அனுப்பும் முதல் வரி "வணக்கம்" என்று தமிழிலேயே அமையட்டும்!