பசுமை முதலீடும் அரைப் பேரும்

மலையகத்துப் பேச்சு வழக்கிலே ‘பேர்’ என்றொரு சொல் உண்டு. ஒரு நாள் வேலையை நிறைவாக முடித்தவருக்கு அன்று ஒரு பேர் விழுந்தது என்பர். நிறுவையிற் கொழுந்து குறைந்துவிட்டால் அரைப் பேர்தான். மனிதரின் பெயரே கூலிக் கணக்கின் அலகாகிவிட்ட ஒரு சமூகத்தின் நிலையை இச்சொல் ஒன்றே உணர்த்தப் போதுமானது. இன்று நமது ஆட்சியாளரின் கொள்கை விளக்கங்களிலே ‘முதலீட்டாளருக்கு உகந்த ஒழுங்குவிதி’, ‘பசுமை முதலீடு’, ‘நியாயமான ஊதியம்’ என்னும் மூன்று தொடர்கள் ஒரே மூச்சில் உச்சரிக்கப்படுகின்றன. முன்னிரண்டும் காரில் வருகின்றன. மூன்றாவது நடந்து வருகின்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று என்பதைப் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களை முன்னிறுத்தி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூலியைச் சந்தை தீர்மானிக்கட்டும், அரசு தலையிட்டால் முதலீடு அஞ்சி ஓடிவிடும் என்பது நமது விரிவுரை மண்டபங்களிலும் அடிக்கடி கேட்கும் வாதம். பெருந்தோட்டத்துறையைப் பொறுத்தவரை இது வரலாறு அறியாதார் கூற்று. இத்துறையில் அரசு தலையிடாத காலம் எது? இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941 இல் வந்தது. 1948 இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்ததும் அரசே; 1964 இல் இன்னொரு நாட்டுடன் அமர்ந்து அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டதும் அரசே. வாக்கில்லாத தொழிலாளியின் கூலி மலிவாகவே இருக்கும் என்பதை அறியப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. ஆண் பெண் கூலி வேறுபாடுகூட 1984 வரை நீடித்தது. கொழுந்து கொய்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை நினைத்தால் அவ்வேறுபாட்டினால் இலாபமடைந்தவர் யார் என்பது விளங்கும்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக அது விரிந்தது. ஆனால் நிலம் விற்கப்படவில்லை. கம்பனிகளிலே அரசின் ‘பொற்பங்கு’ ஒன்றும் வைக்கப்பட்டது. ஆகவே, ஹப்புத்தளையிலோ பசறையிலோ மடுல்சீமையிலோ அரசு கூலியைப் பற்றிப் பேசும்போது அது பிறர் வீட்டுக் காரியத்தில் மூக்கை நுழைக்கவில்லை. தன் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்த உடைமையாளன் நிபந்தனை விதிக்கிறான். அவ்வளவே. அந்நிபந்தனையை இத்தனை ஆண்டுகளாக உறுதியாக விதிக்காமற் போனதே நமது குற்றச்சாட்டாகும்.

கூலியின் அண்மைக்கால வரலாற்றைச் சற்று நிதானமாக நோக்குவோம். 2016 ஒக்டோபரில் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தம் நாட்கூலி 730 ரூபா என்று பறைசாற்றியது. உள்ளே பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாவே. 60 ரூபா வரவுக்கு, 140 ரூபா உற்பத்தித்திறனுக்கு, 30 ரூபா விலைப்பங்கு. மழை பெய்து கொழுந்து குறைந்தால், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு சில நாள் நின்றுவிட்டால், மேலே ஒட்டியவை உதிர்ந்துவிடும். ஊழியர் சேமலாப நிதி கணிக்கப்பட்டதோ அடிப்படைச் சம்பளத்தின் மீது. முதுமைக்கான சேமிப்பைச் சுருக்கி, பத்திரிகைத் தலைப்பைப் பெருக்கிய கணக்கு இது. 2019 இல் அடிப்படை 700 ஆயிற்று. ஆயிரம் ரூபா என்பது 2015 இலேயே எழுந்த கோரிக்கை. அது 2021 மார்ச்சில், அதுவும் சம்பளச் சபையின் மூலம், 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா நிவாரணப்படியுமாகக் கிடைத்தது. ஆறு ஆண்டுகளில் அந்த ஆயிரத்தின் வாங்குதிறனை விலைவாசி தின்றுவிட்டிருந்தது. ஆயினும் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின.

இதன் பின் நிகழ்ந்ததுதான் மாணவர் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி. கூலி உயர்ந்தது, உடனே பல தோட்டங்களிலே 16, 18 என்றிருந்த கிலோக் கணக்கு 20 ஆகியது. அதை எட்டாதவருக்கு அரைப் பேர். வர்த்தமானி கொழும்பில் அச்சாகிறது. கிலோவோ மலையில், பிரட்டுக்களத்தில் தீர்மானமாகிறது. ஈரத்துக்கும் கூடைக்கும் என்று தராசின் முன் கழிபடும் கொழுந்தை எண்ணி எண்ணி வளர்ந்தவன் இக்கட்டுரையாளன். கூலியை மட்டும் நிர்ணயித்து, அக்கூலிக்கான வேலையின் அளவை நிர்ணயிக்காத சட்டம் ஒரு கையாற் கொடுப்பதை மறுகை பறிக்க இடமளிக்கும் சட்டமே. தொழில் ஒழுங்குவிதி என்று நாம் கேட்பது முதலில் இதனைத்தான்.

2024 ஏப்ரல் இறுதியில் 1700 ரூபா என வர்த்தமானி வந்தது. யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அது 1350 ரூபா என்று நிலைபெற்றது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே அடிப்படையை 1550 ஆக்கி, அதன் மேல் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்கத்தொகையாக அரசே வழங்குவதென முன்மொழியப்பட்டது. தொழிலாளியின் கையில் 200 ரூபா கூடுவதை எவரும் வெறுக்கமாட்டார், நாமும் வெறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய பணம்? 2024 சனவரியிலிருந்து 18 வீதமாக உயர்ந்த வற் வரியைத் தான் வாங்கும் சவர்க்காரத்தின் மீதும் அத்தொழிலாளியே செலுத்துகிறாள். கம்பனியின் கூலிப் பொறுப்பிலே ஒரு பகுதியைத் திறைசேரி சுமப்பது தொழிலாளிக்குத் தரும் மானியமா, தொழிலதிபருக்குத் தரும் மானியமா என்பதைப் பொருளியலார் விளக்க வேண்டும்.

தேயிலையில் இலாபம் இல்லை. உற்பத்திச் செலவிற் பெரும்பங்கு கூலியாகவே போகிறது. சிறுபற்று நில உடைமையாளர் நாட்டின் தேயிலையில் எழுபது வீதத்துக்கு மேல் தருகிறார்கள். ஆகவே தொழிலாளருக்கும் செடிகளைப் பங்கிட்டுக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை தருவோம் என்பது கம்பனிகளின் மாற்றுத் திட்டம். இவ்வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் கூறமாட்டேன். பராமரிப்பவருக்கே விளைவில் உரிமை என்பது நல்ல கொள்கைதான். ஆனால் சிறுபற்றாளருக்கு நிலம் சொந்தம். தொழிலாளிக்குச் செடி இரவல். நிலமும் இன்றிச் சேமலாப நிதியும் இன்றி, மழையின் நட்டத்தையும் சந்தையின் நட்டத்தையும் அவள் முதுகில் ஏற்றுவதைப் பங்காளியாக்குதல் என்று அழைக்கலாகாது. அன்றியும், தேயிலையில் நட்டம் காட்டும் கம்பனிகளிற் பல, அதே நிலத்தின் ஓடைகளிலே சிறு நீர்மின் நிலையமும், சரிவுகளிலே மரச்செய்கையும், பழைய பங்களாக்களிலே உல்லாசப் பயண விடுதியும் நடத்தி வருவாய் தேடுகின்றன. கூலிக்கணக்கு எழுதும்போது மட்டும் அந்நிலம் வெறுந் தேயிலை நிலமாகிவிடுகிறது!

இங்கேதான் பசுமை என்னும் சொல்லை விசாரிக்க வேண்டியுள்ளது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. உலகிற்கே வழிகாட்டும் பசுமைக் கொள்கை என்று அது புகழப்பட்டது. விவசாயிகள் தெருவில் இறங்கிய பின் நவம்பரில் தடை நீங்கியது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோவாகச் சரிந்தது. உரமற்ற செடியில் கொழுந்து எங்கிருந்து வரும்? அந்தச் சரிவு நாட்டுக்கு அந்நியச் செலாவணி இழப்பு. தோட்டத்திலோ அதன் பெயர் அரைப் பேர்.

ஊவாவின் மிகப் பெரிய பசுமை முதலீடு உமா ஓயாத் திட்டம். 120 மெகாவாற் மின்சாரம். தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கு நீர். 2024 ஏப்ரலில் ஈரானிய சனாதிபதியின் முன்னிலையிலே விழா எடுத்துத் திறக்கப்பட்டது. விழாவுக்குப் பத்தாண்டு முன்னர், 2014 திசம்பரில், சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டபோது பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. மின்சாரம் வேண்டாம் என்பதல்ல எமது வாதம். மலையின் வயிற்றைக் கிழிக்குமுன் மலைமேல் வாழ்வோரைக் கேட்கும் ஒழுங்குவிதியொன்று ஏன் வலுவுடன் இல்லை என்பதே கேள்வி.

அதே 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீறியாபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. போக்கிடம் எது என்று எவரும் காட்டவில்லை. லயம் தோட்டத்துக்குரியது, மாற்று நிலமும் தோட்டத்துக்குரியது, நாட்கூலியில் நிலம் வாங்கவும் இயலாது. 2025 நவம்பர் இறுதியிலே ‘டித்வா’ புயல் வந்தபோது மண்சரிவினால் மிகக் கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களில் மீண்டும் பதுளை. காலநிலை மாற்றம் என்று மாநாடுகளில் நாம் உரைப்பது இச்சரிவுகளிலே கூலிப் பிரச்சினையாகவும் காணிப் பிரச்சினையாகவும் வாழ்கிறது. ஏற்றுமதிப் பொதியில் பச்சைத் தவளைச் சின்னம் பொறித்த தேயிலையைப் பருகும் அயல்நாட்டார் மழைக்காடு காக்கப்படுவதாக மகிழலாம். லயத்தின் பின்சுவரை யார் காப்பது?

அமைப்புக்கள் கைவிட்டால் என்னாகும் என்பதற்கு மூணாறு சான்று. 2015 செப்டெம்பரில் அங்கே தமிழ்த் தோட்டப் பெண்கள் கம்பனியை மட்டுமன்றித் தம் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கித் தெருவில் அமர்ந்தனர். போனஸ் 20 வீதம் மீண்டது. 232 ரூபாக் கூலி பின்னர் 301 ஆயிற்று. நமது சங்கத் தலைவர்கள் அதனை வாசித்திருப்பார்கள் என நம்புகிறேன்.

எனவே நாம் வற்புறுத்துவது இது. தோட்ட நிலத்தில் எந்தப் பசுமைத் திட்டத்துக்கு வரிச்சலுகை வழங்கினும், அந்நிலத்தின் முழு வருவாயையும் காட்டிக் கூலி பேசுவது அதன் நிபந்தனையாக வேண்டும். கிலோ அளவு சம்பளச் சபையின் தீர்ப்புக்குள் வர வேண்டும். அபாயச் சரிவிலுள்ள லயங்களுக்குப் பாதுகாப்பான காணி, உறுதிப்பத்திரத்துடன், குத்தகை நிலத்திலிருந்தே பிரித்தளிக்கப்பட வேண்டும். பதுளையிலே 2005 முதல் இயங்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் கற்பிக்கப்படுகின்றன. கொய்பவளின் உழைப்புக்குரிய பெறுமதியைக் கணக்கிடும் ஆய்வும் அங்கேயே தொடங்கலாம். குத்தகை 2045 இல் முடிவடையும். புதிய குத்தகையின் வாசகங்களை எழுதப்போகிற அதிகாரிகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள்.